இளந்திறனும் பெருந்தொகையும்

கெடில நதி பாயும் திருமுனைப்பாடி நாட்டிலே திருநாவலூர் என்பது பழமை வாய்ந்த ஓர் ஊர். இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகில் அமைந்துள்ள அவ்வூர், தேவார ஆசிரியர் மூவருள் ஒருவராகிய சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த பெருமை உடையது. சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் மகனாகத் தோன்றி, நம்பியாரூரர் என்னும் பெயர் பெற்ற அக்குழந்தை ஒருநாள் தெருவிலே சிறுதேர் உருட்டி விளையாடிக்கொண்டிருந்தது. அவ்வழியே வந்த அந்நாட்டு மன்னர் நரசிங்க முனையரையர் குழந்தையைக் கண்டார். கண்ட அளவிலே பேரன்பு கொண்டார். சடையனாரிடம் தமக்கிருந்த நட்புரிமையால் வேண்டிப் பெற்று, அரண்மனையிலே தம் மகனாகவே வளர்த்தார் என்று பெரியபுராணம் கூறும்.

இவ்வரலாற்றில் ஊன்றி நோக்கத்தக்க செய்திகள் மூன்று உள. மன்னர் ஆணையிட வல்லவர். ஆயினும் ஆணையிட்டுக் குழந்தையைக் கவர்ந்தாரல்லர். பெற்றோரை வேண்டிப் பெற்றார். அரண்மனையிலே வளர்ந்தபோதிலும், அக்குழந்தை தன் குடிக்குரிய கல்வியை இழக்கவில்லை; உரிய பருவத்தில் முந்நூல் அணிந்து, கலைகள் பலவும் கற்றுத் தேர்ந்தது. இவற்றினும் சிறந்த செய்தி மூன்றாவது: பின்னாளில் அக்குழந்தை யாராக விளங்கும் என்பதை மன்னர் அறியார். இன்ன பயன் கிட்டும் என்று கணக்கிட்டு அவர் வளர்க்கவில்லை; அன்பு ஒன்றனாலேயே வளர்த்தார்.

தெருவில் விளையாடும் சிறுவரை ஊன்றி நோக்கும் கண்கள் இன்றும் உள. ஆயின் அவை அளவெடுக்கும் கண்கள். ஐரோப்பாவிலும் தென்னமெரிக்காவிலும் உள்ள கால்பந்துக் கழகங்கள், சிறுவர் ஆடும் திடல்களுக்குத் தம் ஆள்களை அனுப்பி, ஓட்டத்தில் விரைவும் பந்தை ஆளுதலில் நுட்பமும் உடையோர் யாவர் எனக் குறிப்பெடுக்கச் செய்கின்றன. அத்தகைய சிறுவன் ஒருவன் பதினாறு, பதினேழு அகவையை எய்தும் அளவிலேயே அவனைப் பற்றிய விலைப்பேச்சுத் தொடங்கிவிடுகின்றது. சிலருக்குக் கோடி கோடியாகப் பொருள் கொடுக்கப்படுகின்றது. இளந்திறனுக்காகக் கழகங்கள் இத்துணைப் பெருந்தொகை கொடுத்தல் தகுமா என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருளாகும்.

மாற்றுத் தொகை

ஆராயுமுன், அத்தொகை எத்தகையது என்பதைத் தெளிதல் வேண்டும். ஆட்டக்காரர் ஒருவர் ஒரு கழகத்துடன் சில ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்துகொள்கின்றார். அந்த ஆண்டுகள் முடியுமுன் வேறொரு கழகம் அவரை விரும்புமாயின், முதற்கழகத்தின் இசைவைப் பெறுதல் வேண்டும். அவ்விசைவிற்காகக் கொடுக்கப்படும் பொருளே மாற்றுத் தொகை எனப்படும். அது ஆட்டக்காரர் கையைச் சேர்வதன்று. அவரை விடுவிக்கும் கழகத்தையே சேர்வது. ஆட்டக்காரர் பெறுவது புதிய கழகம் தரும் ஊதியமாகும். ஒருவர் இருபது கோடிக்கு வாங்கப்பட்டார் என்னும் செய்தியைக் கேட்டு, அவர் இருபது கோடி பெற்றார் என்று எண்ணுதல் பிழை.

இவ்வழக்கம் இங்கிலாந்தில் தொழில்முறை ஆட்டம் தோன்றிய காலத்திலேயே வேரூன்றியது. 1905 ஆம் ஆண்டில் ஆல்ஃப் காமன் என்பவரை சண்டர்லாந்துக் கழகத்தினின்றும் மிடில்ஸ்பரோக் கழகம் 1,000 பவுன் கொடுத்துப் பெற்றது. ஒரு மனிதனுக்கு ஆயிரம் பவுனா என்று அக்காலத்து மக்கள் வியந்தனர், சிலர் வெகுண்டனர். 1979 இல் ட்ரெவர் பிரான்சிஸ் என்பவருக்காக நாட்டிங்காம் பாரஸ்ட் கழகம் பத்து லட்சம் பவுன் கொடுத்தபோது, ஆயிரம் பவுன் பழங்கதையாயிற்று. 2017 இல் பிரேசில் நாட்டு நெய்மாருக்காகப் பாரிசுக் கழகம் ஒன்று 22 கோடியே 20 லட்சம் யூரோ கொடுத்தது. அதே ஆண்டில் அக்கழகத்திற்கு மாறிய பிரெஞ்சு இளைஞர் கிலியன் எம்பாப்பேவுக்கு 18 கோடி யூரோ பேசப்பட்டது. அப்போது அவருக்கு அகவை பதினெட்டே. 2019 இல் ழுவாவ் பெலிக்ஸ் என்னும் பத்தொன்பது அகவையினரை லிஸ்பன் நகரத்துப் பென்ஃபிக்கா கழகத்தினின்றும் மாட்ரிட் நகரத்து அட்லெட்டிக்கோ கழகம் 12 கோடியே 60 லட்சம் யூரோவிற்குப் பெற்றது.

தொகை இவ்வாறு வளர்ந்ததற்குக் காரணங்கள் பல. தொலைக்காட்சி உரிமை வழியே கழகங்களுக்கு வரும் வருவாய் பெருகியது ஒன்று. 1995 இல் போஸ்மன் என்னும் பெல்சிய நாட்டு ஆட்டக்காரர் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் அளித்த தீர்ப்பு மற்றொன்று. ஒப்பந்தம் முடிந்தபின், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஓர் ஆட்டக்காரர் மாற்றுத் தொகையின்றியே வேறு கழகத்திற்குச் செல்லலாம் என்று அத்தீர்ப்பு வகுத்தது. இதனால் ஆட்டக்காரர் உரிமை பெற்றனர். ஆயின், திறனுடைய இளைஞரை இளமையிலேயே நெடிய ஒப்பந்தத்தால் பிணித்துக்கொள்ளும் வேட்கையும் கழகங்களிடையே மிகுந்தது. ஒப்பந்தத்தில் எஞ்சியுள்ள ஆண்டுகள் மிகமிக, விலையும் மிகுந்தது.

தகும் என்பார் கூற்று

பெருந்தொகை கொடுத்தல் தகும் என்போர் கூறும் காரணங்களை எளிதில் தள்ளிவிட இயலாது. அரிய பொருளுக்கு விலை மிகுதி. கால்பந்துத் திறனுள் தலையாய திறன் மிக அரியது. இருபத்தெட்டு அகவையில் வாங்கப்படும் ஆட்டக்காரர் ஐந்தாறு ஆண்டுகளே சிறப்பாக ஆடக்கூடும். பதினெட்டு அகவையில் வாங்கப்படுபவரோ பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆடக்கூடும். ஆதலின் இளையோருக்குக் கொடுக்கும் பொருள் வீணன்று என்பது அவர்கள் கருத்து.

மேலும், அப்பொருள் சிறிய கழகங்களை வாழ்விக்கின்றது என்பர். ஒல்லாந்து நாட்டு அயாக்ஸ், போர்ச்சுகல் நாட்டுப் பென்ஃபிக்கா போன்ற கழகங்கள் சிறுவரைச் சேர்த்து, உணவும் உறையுளும் கல்வியும் அளித்துப் பயிற்றுவிக்கின்றன; தேர்ந்தவருட் சிலரைப் பெருங்கழகங்களுக்குக் கொடுத்து, அவ்வருவாயால் அடுத்த தலைமுறைச் சிறுவரை வளர்க்கின்றன. பிரேசிலின் பிளமெங்கோ கழகத்தில் ஆடிய வினிசியுசு சூனியர் என்னும் சிறுவரை, 2017 இல் அவருக்குப் பதினாறு அகவையாயிருந்தபோது, ரியல் மாட்ரிட் கழகம் நான்கரைக் கோடி யூரோவிற்குப் பேசி முடித்தது. பதினெட்டு அகவை நிறைந்தபின் 2018 இல் அவர் மாட்ரிட் சென்றார். முதலிரண்டு ஆண்டுகள் அவர் கோல் வாய்ப்புகளைத் தவறவிட்டபோது நகைத்தவர் பலர். 2022 இல் ஐரோப்பிய வாகையர் இறுதி ஆட்டத்தில், வெற்றிக்குரிய ஒரே கோலை அடித்தவர் அவரே. பொறுத்திருந்த கழகம் பயன் பெற்றது, பிளமெங்கோவும் பொருள் பெற்றது, இளைஞரும் உயர்ந்தார். இதில் குறை யாது என்று வினவுவர்.

தகாது என்பார் கூற்று

மறுப்போர் வேறு சான்று காட்டுவர். கானா நாட்டிலே பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பிரெடி அடு என்னும் சிறுவர், 2003 இல், பதினான்கு அகவையிலேயே அந்நாட்டின் முதன்மைத் தொழில்முறைப் போட்டியில் ஆட ஒப்பந்தம் செய்யப்பட்டார். இவரே அடுத்த பெலே என்று செய்தித்தாள்கள் எழுதின. விளம்பரங்களில் அவர் முகம் விளங்கியது. உடலும் உள்ளமும் முதிராத அப்பருவத்தில் அத்துணைப் புகழின் சுமையை அவர் தாங்குதல் எங்ஙனம்? பின்னாளில் அவர் பல நாடுகளில் பத்துக்கும் மேற்பட்ட கழகங்களில் மாறி மாறி ஆடினார். எதிர்பார்த்த உயரத்தை ஒருபோதும் எட்டவில்லை. அவரிடம் திறன் இல்லை என்று கூறுதல் பொருந்தாது. திறன் கனியுமுன்னரே அதனைச் சந்தையில் வைத்தமையே தவறு.

இளமையில் தோன்றும் திறன் உறுதியுடையது அன்று. பதினைந்து அகவையில் மற்றவரினும் விரைந்து வளர்ந்த சிறுவன், இருபது அகவையில் மற்றவரும் வளர்ந்தபின், பலருள் ஒருவனாகிவிடக்கூடும். முழங்காலில் ஏற்படும் ஒரு காயம் ஆண்டுக்கணக்கான பயிற்சியை ஒரு நொடியில் அழிக்கக்கூடும். பெருந்தொகை கொடுத்த கழகம் இழப்பது பொருளை மட்டுமே. அப்பொருளை வேறு வழியில் ஈட்டிக்கொள்ளவும் அதற்கு இயலும். ஆட்டத்தையே நம்பிப் பள்ளியை விட்ட சிறுவன் இழப்பதோ தன் வாழ்வை. மேலும், விலை பெற்ற ஒருவனைப் பற்றி உலகம் பேசுகின்றது; அவனோடு பயின்று, பதினாறு அகவையில் நீ வேண்டா என்று திருப்பி அனுப்பப்பட்ட பலரைப் பற்றிப் பேசுவார் இலர்.

நாற்றும் நடவும்

இருசாரார் கூற்றையும் சீர்தூக்குவதற்கு, கெடிலக்கரை உழவர் நாள்தோறும் அறிந்த ஓர் உண்மை துணைசெய்யும். நெல்லை நேரே வயலில் விதையாமல், முதலில் நாற்றங்காலில் விதைத்து, நாற்று வளர்ந்தபின் பறித்து வயலிலே நடுவர். பருவம் வருமுன் பறித்த நாற்று வேர்கொள்ளாது வாடும். பருவம் கடந்து பறித்த நாற்றும் நன்கு தூர் கட்டாது. நாற்றுக்கு விலை கொடுத்தல் தவறன்று. தம்மிடம் நாற்று இல்லாதார் அயலார் நாற்றங்காலில் விலை கொடுத்து வாங்குதல் ஊர் வழக்கம். அவ்விலை நாற்றங்காலை உழுது, எருவிட்டு, நீர் பாய்ச்சியவனுக்குச் சேர்தல் வேண்டும். வாங்கியவன் நட்ட வயலிலும் நீர் இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் இல்லையேல் எத்துணை விலை கொடுத்தும் விளைச்சல் இல்லை.

கால்பந்திலும் ஆராய வேண்டுவது இதுவே. தொகை பெரிதா சிறிதா என்னும் வினா முதல் வினா அன்று. அது யாரைச் சென்று சேர்கின்றது, எப்பருவத்தில் கொடுக்கப்படுகின்றது, கொடுத்தபின் அவ்விளைஞனுக்கு என்ன ஆகின்றது என்பனவே முதல் வினாக்கள்.

வளர்த்தவர்க்குப் பங்கு

பிஃபா எனப்படும் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு, வளர்த்த கழகங்களுக்கும் பங்கு சேர வேண்டும் என்று விதி வகுத்துள்ளது. ஒரு நாட்டுக் கழகத்தினின்றும் மற்றொரு நாட்டுக் கழகத்திற்கு ஆட்டக்காரர் தொகை பெற்று மாறும்போது, அத்தொகையில் நூற்றுக்கு ஐந்து பங்கு, அவரைப் பன்னிரண்டு அகவை முதல் இருபத்து மூன்று அகவை வரை பயிற்றுவித்த கழகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுதல் வேண்டும். பன்னிரண்டு முதல் பதினைந்து வரையிலான ஒவ்வோர் ஆண்டுக்கும் அவ்வைந்து பங்கில் நூற்றுக்கு ஐந்தும், பதினாறு முதல் இருபத்து மூன்று வரையிலான ஒவ்வோர் ஆண்டுக்கும் நூற்றுக்குப் பத்தும் உரியன.

எடுத்துக்காட்டாக, ஓர் ஆட்டக்காரருக்கு 10 கோடி ரூபாய் மாற்றுத் தொகை என்று கொள்க. அதில் பயிற்றுவித்தோர்க்கு உரியது 50 லட்சம். பன்னிரண்டு முதல் பதினைந்து வரையிலான நான்கு ஆண்டுகளும் அவரைப் பயிற்றுவித்த ஒரு சிறு கழகத்துக்கு, ஆண்டுக்கு இரண்டரை லட்சமாக, 10 லட்சம் கிட்டும். பெருங்கழகத்திற்கு அது சிறு தொகை. ஓர் ஊரின் சிறு கழகத்திற்கோ பந்தும், காலணியும், பயிற்சியாளர்க்கு ஊதியமும், சிறுவர்க்கு மாலைச் சிற்றுண்டியும் பல ஆண்டுகளுக்கு அளிக்கும் செல்வம். ஆயின் ஒன்று கருதத்தக்கது. இப்பங்கைப் பெறுவதற்கு, சிறுவன் எவ்வாண்டில் எக்கழகத்தில் பதிவு செய்யப்பட்டான் என்பதற்கு எழுத்துச் சான்று வேண்டும். நம் நாட்டுச் சிற்றூர்க் கழகங்கள் பல, சிறுவரை முறையாகப் பதிவு செய்வதில்லை. வளர்த்தவன் பெயர் ஏட்டில் இல்லையாயின், விளைச்சலில் அவனுக்குப் பங்கும் இல்லை.

ஓலையும் அவையும்

தொகையினும் அஞ்சத்தக்கது ஒப்பந்தம். இதனை விளக்குவதற்கும் நம்பியாரூரர் வரலாறே துணையாகின்றது. அவர் மணப்பருவம் எய்தியபோது, புத்தூரிலே திருமணம் நிகழவிருந்தது. அப்போது இறைவன் முதிய அந்தணர் வடிவில் வந்து, இவன் எனக்கு வழிவழி அடிமை என்று கூறி, நம்பியாரூரரின் பாட்டனார் எழுதிக் கொடுத்ததாக ஓர் ஓலையைக் காட்டினார். பேரன் பிறக்குமுன்னரே பாட்டன் எழுதிய ஓலை, பேரனைப் பிணிக்குமோ? நம்பியாரூரர் வெகுண்டு ஓலையைப் பறித்துக் கிழித்தார். முதியவரோ, கிழிந்தது படியோலை, மூல ஓலை என்னிடம் உளது என்று கூறித் திருவெண்ணெய்நல்லூர் அவையில் வழக்குரைத்தார். அவையோர் மூல ஓலையை வாங்கி, பாட்டனார் கையெழுத்தோடு ஒத்துநோக்கிய பின்னரே தீர்ப்புக் கூறினர்.

அவ்வோலை அருளின் ஓலை. இறைவன் தம் அன்பரைத் தடுத்தாட்கொள்ள எழுந்த திருவிளையாடல். அதனை மனிதர் எழுதும் ஒப்பந்தத்தோடு ஒப்பிடுதல் பொருந்தாது. ஆயினும் அவ்வரலாறு உலகியலுக்கும் ஒரு பாடம் கற்பிக்கின்றது. இறைவன் கொணர்ந்த ஓலையையும் அவையோர் ஆராயாது ஏற்றிலர். அங்ஙனமாயின், பொருளீட்டும் நோக்குடைய மனிதர் கொணரும் ஓலையை, எழுத்தறியாத தந்தையோ கடன்பட்ட தாயோ தனியே இருந்து கையொப்பமிடுதல் எத்துணைப் பேதைமை!

இக்காலத்தும் இதற்கு அவைகளும் விதிகளும் உள. பதினெட்டு அகவை நிறையாத ஆட்டக்காரர், மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட தொழில்முறை ஒப்பந்தம் செய்துகொள்ளுதல் கூடாது என்பது பிஃபாவின் விதி. பதினெட்டு அகவைக்குட்பட்டோர் கால்பந்துக்காக ஒரு நாட்டினின்றும் மற்றொரு நாட்டுக்கு மாற்றப்படுதலும், சில விலக்குகள் தவிர, தடை செய்யப்பட்டுள்ளது. வினிசியுசு சூனியர் பதினெட்டு அகவை வரை தம் நாட்டிலேயே ஆடியதற்கு இவ்விதியே காரணம். ஆட்டக்காரரின் எதிர்கால மாற்றுத் தொகையில் கழகமல்லாத வெளியார் பங்கு வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கமும் 2015 இல் ஒழிக்கப்பட்டது. ஒரு சிறுவனின் காலில் நால்வர் பங்கு வைத்திருந்தால், அவன் எங்கே ஆடுவது என்பதை அவன் நலம் தீர்மானிக்காது. பங்காளிகளின் ஆதாயமே தீர்மானிக்கும். அதனாலேயே அவ்வழக்கம் விலக்கப்பட்டது.

விதி பெரியோர்க்கும் உண்டு. சிறுவரைச் சேர்ப்பதில் விதி மீறியதற்காக, 2014 இல் உலகப் புகழ்பெற்ற பார்சலோனாக் கழகத்திற்கே தண்டனை விதிக்கப்பட்டது. 2015 ஆம் ஆண்டின் இரு மாற்றுப் பருவங்களிலும் அக்கழகம் புதிய ஆட்டக்காரரைப் பதிவு செய்தல் இயலாதாயிற்று.

மெசியின் வரலாறு

அதே பார்சலோனாக் கழகம் இளந்திறனைப் போற்றிய வரலாறும் ஒன்று உண்டு. அர்ச்சென்டீனா நாட்டு ரொசாரியோ நகரத்தில் பிறந்த லயனல் மெசி, சிறுவயதிலேயே பந்தாட்டத்தில் வியத்தகு திறன் காட்டினார். ஆயின் உடல் வளர்ச்சிக்குரிய சுரப்பு அவருக்குக் குறைவாயிருந்தது. நாள்தோறும் ஊசி மருந்து ஏற்றுதல் இன்றியமையாததாயிற்று; அதன் செலவோ குடும்பத்தால் தாங்க இயலாதது. 2000 ஆம் ஆண்டில், பதின்மூன்று அகவையில், தந்தையுடன் அவர் பார்சலோனா சென்றார். அக்கழகம் மருத்துவச் செலவை ஏற்க இசைந்தது. அவ்வாண்டு டிசம்பரில் கழகத்தைச் சார்ந்த கார்லசு ரெக்சாக், தாள் எதுவும் கையில் இல்லாமையால், உணவு மேசையில் வைக்கும் கைதுடைக்கும் தாளிலேயே அவரைச் சேர்த்துக்கொள்ளும் உறுதியை எழுதிக் கையொப்பமிட்டார். அத்தாள் 2024 இல் ஏலத்தில் ஏழு லட்சம் பவுனுக்கு மேல் விலைபோயிற்று.

அக்கழகம் அச்சிறுவரை உடனே பேராட்டங்களில் இறக்கவில்லை. இளையோர் அணிகளிலே படிப்படியாகப் பயிற்றியது. 2004 இல் பதினேழு அகவையில் முதன்மை அணியின் தொடர் ஆட்டத்தில் அவர் இறங்கினார். 2022 இல் தம் நாட்டிற்கு உலகக் கோப்பையை வென்று தந்தார். அடுவுக்குச் செலவிட்ட பொருள் விளம்பரத்தை நோக்கியது. மெசிக்கு முதலிற் செலவிட்ட பொருள் அவர் உடலை நோக்கியது. இருவர் வாழ்விலும் பொருள் செலவிடப்பட்டது. செலவிட்ட வழியே வேறு. எனினும், சிறுவர் ஒருவர் தாய்நாட்டைப் பிரிந்து கடல் கடந்து வளர்தல் எல்லார்க்கும் இனிதாக முடியாது. ஒரு மெசியின் வெற்றியைக் கண்டு, சிறுவர் பலரை நாடு கடத்திச் செல்வோர் பெருகலாகாது என்றே பின்னாளில் விதிகள் இறுக்கப்பட்டன.

நம் நாட்டு நிலை

நம் நாட்டில் கழகங்களுக்கிடையே கைமாறும் தொகை ஐரோப்பாவை நோக்கச் சிறிதே. ஆயினும் வினா நமக்கும் உரியதே. சிக்கிம் மாநிலத்தின் மலைச்சிற்றூரில் பிறந்த பாய்ச்சுங் பூட்டியா, சிறுவராயிருந்தபோதே கால்பந்துக்கென அரசின் விளையாட்டு உதவித்தொகை பெற்றுக் காங்டாக் நகரில் பயின்றார். 1993 இல் பதினாறு அகவையில் கல்கத்தாவின் கிழக்கு வங்காளக் கழகத்திலே சேர்ந்தார். பின்னாளில் இந்திய அணியின் தலைவரானார். கேரளத்துத் திருச்சூரில், விளையாட்டரங்கிலே சோடா விற்ற ஐ. எம். விசயன், பதின்பருவத்திலேயே கேரளக் காவல்துறை அணியிற் சேர்க்கப்பட்டு, நாடு போற்றும் ஆட்டக்காரரானார். இவ்விருவரையும் உயர்த்தியது பெரிய மாற்றுத் தொகை அன்று. உரிய காலத்தில் கிட்டிய உதவித்தொகையும், பணியும், பயிற்சியுமே.

பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் தலைநகராய் விளங்கிய கடலூரினின்றும் எழுந்து, இந்திய மகளிர் கால்பந்து அணியில் இடம்பெற்றவர் இந்துமதி கதிரேசன். அவர் தமிழ்நாட்டுக் காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் பணியேற்றார். ஆட்டக்காலம் குறுகியது, வாழ்க்கை நெடியது. கால் ஓய்ந்தபின் கைகொடுக்கும் ஒரு தொழிலைப் பெற்றிருத்தலே விளையாட்டு வீரர்க்கு உண்மையான காப்பு என்பதை அவர் வாழ்வு காட்டுகின்றது.

கிரிக்கெட் ஏலத்திலும் இதே வினா எழுந்துள்ளது. 2024 நவம்பரில் நிகழ்ந்த ஐ.பி.எல். ஏலத்தில், பீகார் மாநிலத்து வைபவ் சூரியவன்சி என்னும் பதின்மூன்று அகவைச் சிறுவர் 1 கோடியே 10 லட்சம் ரூபாய்க்கு எடுக்கப்பட்டார். 2025 ஏப்ரலில் அவர் 35 பந்துகளில் நூறு ஓட்டம் குவித்தபோது நாடு வியந்தது. வியப்போடு அச்சமும் சேர்தல் வேண்டும். அத்துணை இளையவரின் கல்வியையும் உறக்கத்தையும் விளையாட்டு மகிழ்ச்சியையும் காக்கும் பொறுப்பு, தொகை கொடுத்தவர்க்கு உண்டு. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் எளிய குடும்பத்திற் பிறந்த நடராசன், 2017 ஏலத்தில் 3 கோடி ரூபாய்க்கு எடுக்கப்பட்டார். பின்னர் அவர் தம் ஊரிலேயே ஒரு கிரிக்கெட் திடல் அமைத்தார். தாம் வளர்ந்த நாற்றங்காலுக்கு அவரே நீர் பாய்ச்சினார்.

முடிவு

ஆதலின், இளந்திறனுக்குப் பெருந்தொகை கொடுத்தல் தகுமா என்னும் வினாவிற்கு விடை இதுவாகும்: கொடுக்கலாம், ஆயின் நான்கு வரம்புக்குட்பட்டே கொடுத்தல் வேண்டும். தொகையிலே ஒரு பங்கு, அச்சிறுவனை முதலில் பயிற்றுவித்த ஊர்க்கழகத்திற்கும் சென்று சேர்தல் வேண்டும். ஒப்பந்தம் குறுகியதாயும், பெற்றோரும் நடுநிலையாளரும் ஆராய்ந்து தெளிந்ததாயும் இருத்தல் வேண்டும். சிறுவனின் கல்வி இடையறாது நடைபெறுதல் வேண்டும். காயத்தாலோ தோல்வியாலோ ஆட்டம் நின்றுபோயின், அவனைக் கைவிடாத ஏற்பாடு முன்கூட்டியே செய்யப்படுதல் வேண்டும். இவை இல்லாதபோது, தொகை பெரிதாயினும் சிறிதாயினும், அது திறனைப் போற்றுதல் ஆகாது. இளமையை விலைக்கு வாங்குதலே ஆகும்.

இவ்வரம்புகளைக் காப்பது கழகங்களின் கடமை மட்டும் அன்று. கல்வராயன் மலைச் சிற்றூர் ஒன்றிலோ, உளுந்தூர்ப்பேட்டைப் பகுதியில் அறுவடை முடிந்த வயலிலோ, வெறுங்காலோடு பந்து உதைக்கும் சிறுவர் சிறுமியருள் அரிய திறனுடையார் இருத்தல் கூடும். அவரை நாடிப் பெருங்கழகம் எதுவும் இன்னும் வரவில்லை. அவர்க்கு இன்று வேண்டுவன ஒரு நல்ல திடல், ஒரு பயிற்சியாளர், ஒரு வேளைச் சத்துணவு, பதிவேட்டிலே தம் பெயர். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் விளையாட்டு விடுதிகளில் திறனுடைய மாணவர் தங்கிப் படித்துக்கொண்டே பயிற்சி பெறலாம் என்னும் செய்தியைக்கூட அறியாத பெற்றோர் பலர். அதனை அவர்க்கு எடுத்துரைத்தல் கற்றோர் கடன்.

ஒரு குழந்தையின் திறனைக் கண்டு மகிழ்தல் எளிது. அதற்கு விலை கூறுதல் அதனினும் எளிது. அது கனியும்வரை பொறுத்திருந்து வளர்த்தலே அரிது. திருநாவலூர்த் தெருவிலே சிறுதேர் உருட்டிய குழந்தையைக் கண்ட முனையரையர் அவ்வரிய செயலைச் செய்தார். அவர் விலை கூறினாரல்லர். வேண்டிப் பெற்றார், கற்பித்தார், காத்தார். நாயன்மார் அறுபத்து மூவருள் அவரும் ஒருவராக வைத்துப் போற்றப்படுகின்றார்.